எச்சரிக்கை வந்தது, படித்தது யார்?

அண்மையில் அம்மாவுக்குப் புதிய கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். பழைய கைப்பேசியில் இருந்த வங்கிச் செயலியைப் புதியதில் பதிவிறக்கி, மின்னிலக்க டோக்கனையும் நானே செயல்படுத்தினேன். இரண்டு நாள் கழித்து, இரவு உணவின்போது அம்மா ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார்.

"ரெண்டு நாளா இது கிடக்கு. என்னமோ விளம்பரம்னு விட்டுட்டேன். என்னன்னு பாரும்மா."

வங்கி ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த எச்சரிக்கை அது. உங்கள் டோக்கன் வேறொரு கைப்பேசியில் செயல்படுத்தப்பட்டுள்ளது, அதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் உடனே எங்களை அழையுங்கள் என்றது. செய்தது நான் என்பதால் கவலை இல்லை. ஆனால், அன்று அந்த டோக்கனைச் செயல்படுத்தியது ஒரு மோசடிக்காரராக இருந்திருந்தால்?

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், சிங்கப்பூரில் வங்கி, காப்புறுதி, கடன் ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு எத்தனை சட்டப் பாதுகாப்புகள் இருக்கின்றன என்பது புரிந்தது. அவை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன என்பதும் சேர்ந்தே புரிந்தது.

790 பேர் தந்த பாடம்

இன்றைய விதிமுறைகள் பலவற்றின் தொடக்கம் 2021 டிசம்பர். ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி, அவற்றிலிருந்த இணைப்பைத் தட்டிய கிட்டத்தட்ட 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். வங்கியிடமிருந்து வழக்கமாகச் செய்தி வரும் அதே வரிசையில் போலிச் செய்தியும் வந்து நின்றதால் பலருக்குச் சந்தேகமே எழவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு வங்கி நல்லெண்ண அடிப்படையில் முழுத் தொகையையும் வழங்கியது. அந்தச் சம்பவத்தைக் கையாண்டதில் இருந்த குறைபாடுகளுக்காக, ஏறத்தாழ 330 மில்லியன் வெள்ளி கூடுதல் மூலதனத்தை ஒதுக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022 மே மாதம் அவ்வங்கிக்கு உத்தரவிட்டது.

ஆனால், நல்லெண்ணம் வாடிக்கையாளரின் உரிமை ஆகிவிடாது. அடுத்த முறை வேறொரு வங்கி அப்படி வழங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பணத்தை இழந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டிய தேவை அங்கிருந்துதான் பிறந்தது.

முதலில் சிறு மாற்றங்கள் வந்தன. வங்கிகள் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இணைப்புகளை அனுப்புவதை நிறுத்தின. புதிய டோக்கனைச் செயல்படுத்தினால் 12 மணி நேரக் காத்திருப்பு நடைமுறைக்கு வந்தது. நிறுவனப் பெயரில் குறுஞ்செய்தி அனுப்புவோர் அந்தப் பெயரைப் பதிவுசெய்வது 2023 ஜனவரி இறுதியில் கட்டாயமானது. பதிவு செய்யாத பெயரில் வருபவை 'மோசடியாக இருக்கலாம்' என்ற முத்திரையோடு வரத் தொடங்கின.

பொறுப்பு யாருக்கு?

2024 டிசம்பர் 16ஆம் தேதி நடப்புக்கு வந்த பகிரப்பட்ட பொறுப்புக் கட்டமைப்பு அடுத்த கட்டம். நாணய ஆணையமும் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து வகுத்தது இது. இதன் அடிப்படை எளிமையானது. வங்கிக்குச் சில கடமைகள், தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குச் சில கடமைகள். வங்கி தன் கடமைகளில் ஒன்றைத் தவறவிட்டிருந்தால் முழு இழப்பும் வங்கியைச் சேரும். வங்கி எல்லாவற்றையும் செய்திருந்து, தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் இழப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழும். இருவருமே சரியாகச் செய்திருந்தால்? இழப்பு வாடிக்கையாளருடையது.

வங்கியின் கடமைகள் என்னென்ன? புதிய டோக்கன் செயல்பட்டபின் 12 மணி நேரத்துக்கு அதிக ஆபத்துள்ள நடவடிக்கைகளை அனுமதிக்கக்கூடாது. டோக்கன் செயல்பட்டதையும் பணம் வெளியேறுவதையும் உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும். எந்த நேரத்திலும் புகார் அளிக்க வழியும், கணக்கை வாடிக்கையாளரே முடக்கிக்கொள்ளும் வசதியும் இருக்கவேண்டும். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளை உடனுக்குடன் கண்காணிக்கவும் வேண்டும். குறைந்தது 50,000 வெள்ளி இருந்த கணக்கிலிருந்து 24 மணி நேரத்துக்குள் பாதிக்கும் மேற்பட்ட தொகை வெளியேறும் சூழல் இந்தக் கடைசிக் கடமைக்குள் வரும். வங்கிகள் அதற்குத் தயாராக ஆறு மாத அவகாசம் தரப்பட்டது.

இனி அம்மாவின் குறுஞ்செய்திக்குத் திரும்புவோம். 12 மணி நேரக் காத்திருப்பு என்பது, அந்த நேரத்துக்குள் யாராவது எச்சரிக்கையைப் படித்து வங்கியை அழைப்பார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. வங்கி எச்சரிக்கையை உரிய நேரத்தில் அனுப்பிவிட்டது. அதன் கடமை அத்துடன் நிறைவேறிவிட்டது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஒருவர் இரண்டு நாள் கழித்து மகளிடம் காட்டினால், கட்டமைப்பின் கணக்கில் வங்கி தவறவில்லை. மற்றக் கடமைகளும் நிறைவேறியிருந்தால் இழப்பு அம்மாவுடையதுதான்.

இழப்பு வங்கியைச் சேருமா, வாடிக்கையாளரைச் சேருமா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய ஓர் இடத்தில் ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்று நிற்கிறது. இதை யாரும் வேண்டுமென்றே அப்படி அமைக்கவில்லை. ஆனாலும் அதன் விளைவு உண்மையானது.

தானே அனுப்பிய பணம்

இந்தக் கட்டமைப்புக்குள் வராதவை எவை என்பதும் முக்கியம். போலி இணையத்தளத்தில் ஒருவர் தம் மறைச்சொல்லை உள்ளிட, அதைக் கொண்டு மோசடிக்காரர் அவருக்குத் தெரியாமல் பணம் எடுக்கும் 'ஃபிஷிங்' வகை மட்டுமே இதில் அடங்கும். தொலைபேசியில் பேச்சுவாக்கில் ஒருமுறை மறைச்சொல்லைச் சொல்லிவிட்டால் அடங்காது. வேலைவாய்ப்பு மோசடி, முதலீட்டு மோசடி, காதல் மோசடி, அரசாங்க அதிகாரி போல் நடிப்பவரின் மோசடி ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர் தம் கையாலேயே பணத்தை அனுப்பியிருந்தால் அதுவும் அடங்காது.

இழப்பின் பெரும்பகுதி எங்கே நிகழ்கிறது என்று பார்த்தால் இந்த எல்லைக்கோடு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. காவல்துறை புள்ளிவிவரப்படி, அந்த ஆண்டு பதிவான மோசடிச் சம்பவங்களில் சுமார் 82 விழுக்காட்டில் பணத்தை அனுப்பியவர் பாதிக்கப்பட்டவரே. 2025இன் முதல் ஆறு மாதங்களில் இழப்பு குறைந்து, ஏறக்குறைய 456 மில்லியன் வெள்ளியானது. குறைந்தபின்னும் அது சிறிய தொகை அல்ல.

தானே அனுப்பிய பணத்துக்கும் வங்கி ஈடுகட்டினால் மக்கள் எச்சரிக்கையாக இருக்க மாட்டார்கள் என்பது இத்தகைய எல்லைக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் கவனக்குறைவால் இழந்த பணத்தை வங்கி ஈடுகட்டினால், அந்தச் செலவு கடைசியில் எல்லா வாடிக்கையாளர்களின் கட்டணத்திலும் வட்டியிலும் வந்து சேரும்.

பிரிட்டன் வேறு வழியில் சென்றிருக்கிறது. அங்கு 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தரவேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அந்தச் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. வாடிக்கையாளர் மிகவும் அலட்சியமாக நடந்திருந்தால் வங்கி மறுக்கலாம். ஆனால், முதுமை, நோய் போன்ற காரணங்களால் மோசடிக்கு எளிதில் இலக்கானவராகக் கருதப்படும் வாடிக்கையாளரிடம் அந்தக் காரணத்தைச் சொல்லித் தப்ப முடியாது. அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்பதில்லை. ஆனால், எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் சிந்திக்கத்தக்கது.

சிங்கப்பூர் தேர்ந்தெடுத்த வழி, பணம் போனபின் ஈடுகட்டுவதைவிடப் போகுமுன் தடுப்பது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டம் அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. யார் சொல்லியும் கேளாமல் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பத் துடிக்கும் ஒருவரின் வங்கிப் பரிவர்த்தனைகளைக் காவல்துறை 30 நாள் வரை கட்டுப்படுத்தலாம். தேவைப்பட்டால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க அனுமதி உண்டு. முறையீடு செய்யவும் வழி உண்டு. சொந்தப் பணத்தைச் செலவிடும் உரிமையில் அரசாங்கம் தலையிடலாமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஓய்வுக்காலச் சேமிப்பு மொத்தத்தையும் முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்ப நிற்கும் தந்தையைத் தடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு அதற்கான பதில் தெரியும்.

காப்புறுதியில் இருக்கும் ஒரு நல்ல விதி

மொழி தெரியாதவருக்குத் தனிக் கவனம் தரவேண்டும் என்ற எண்ணம் நம் நிதித்துறைக்குப் புதிதன்று. காப்புறுதியும் முதலீட்டுத் திட்டங்களும் விற்கப்படும் முறையில் அது ஏற்கெனவே இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது என்பதுதான் குறை.

நிதி ஆலோசகர்களுக்கான விதிமுறைகளில் மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டுள்ளன. 62 அல்லது அதற்கு மேற்பட்ட வயது, ஆங்கிலம் பேசவோ எழுதவோ போதிய தேர்ச்சி இல்லாமை, சாதாரண நிலை அல்லது வழக்கநிலைத் தேர்வுக்குக் கீழான கல்வித் தகுதி. இவற்றில் ஏதேனும் இரண்டு பொருந்தினால் அவர் கூடுதல் பாதுகாப்புக்குரிய வாடிக்கையாளர். நம்பகமான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசகர் அவரிடம் சொல்லவேண்டும். அந்த விற்பனையைச் சரிபார்க்கக் கூடுதல் நடவடிக்கைகளும் உண்டு.

நம் வீடுகளில் இந்த வரையறைக்குள் வரும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கடைத்தொகுதியில் மேசை போட்டு நிற்பவர், "இது சேமிப்புத் திட்டம்தான், ஆன்டி" என்று தொடங்கும்போது, உடன் ஒருவரை அழைத்து வரலாம் என்பது சலுகை அல்ல, விதி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் வாடிக்கையாளருக்கு உண்டு. புன்னகையோடு நீட்டப்படும் படிவத்தில் 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே கைநழுவிவிடும்.

கையெழுத்திட்ட பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆயுள் காப்புறுதி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். கட்டிய சந்தா திரும்பக் கிடைக்கும். முதலீட்டுடன் இணைந்த திட்டமாக இருந்தால் சந்தை விலை மாற்றத்துக்கு ஏற்பத் தொகை கூடக் குறைய இருக்கலாம். அந்த 14 நாளும் ஆவணம் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தால், உரிமையும் அங்கேயே கிடந்து காலாவதியாகிவிடும்.

புரியும் மொழியில் விளக்கவேண்டும்

மொழி உரிமையை வெளிப்படையாகச் சொல்லும் விதி ஒன்றை நான் எதிர்பாராத இடத்தில் கண்டேன். உரிமம் பெற்ற கடன் கொடுப்போருக்கான விதிமுறைகளில் அது இருக்கிறது. கடனின் நிபந்தனைகளை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும், ஒப்பந்தத்தின் நகலைத் தரவேண்டும் என்று அவை சொல்கின்றன. சிராங்கூன் சாலைப் பக்கம் கடன் வாங்கச் செல்லும் தமிழ் ஊழியர் ஒருவர், "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது கெஞ்சல் அன்று. சட்டம் அவருக்குத் தந்த உரிமை.

மற்ற வரம்புகளும் தெளிவாக உள்ளன. வட்டி மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டுமே மாதம் 4 விழுக்காடு தாமத வட்டி. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 60 வெள்ளிக்கு மிகாது. தொடக்கக் கட்டணம் கடன் தொகையில் 10 விழுக்காடு வரை. எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து கடன் வாங்கிய தொகையைத் தாண்டக்கூடாது.

ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைவான வெளிநாட்டினர் உரிமம் பெற்றவர்களிடம் மொத்தமாக 500 வெள்ளி வரைதான் கடன் பெறலாம். அவருடைய கணக்கைப் பார்ப்போம். தொடக்கக் கட்டணம் 50 வெள்ளி போனால் கைக்கு வருவது 450. என்ன ஆனாலும் அவர் திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை 1,000 வெள்ளியைத் தாண்ட முடியாது. மாதம் 4 விழுக்காடு என்பது மலிவான கடன் இல்லை. கடன் வாங்குவதை இந்த விதி எளிதாக்கவில்லை. விழுந்தால் எவ்வளவு ஆழம் வரை விழலாம் என்பதற்கு ஓர் அடித்தளம் போடுகிறது, அவ்வளவுதான்.

500 வெள்ளி வரம்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரில் தாயாருக்கு அறுவை சிகிச்சை, தங்கைக்குத் திருமணம் என்று 3,000 வெள்ளி அவசரமாகத் தேவைப்படும் ஊழியருக்குச் சட்டப்படியான வாசல் 500இலேயே மூடிவிடுகிறது. அப்போது வாட்ஸ்அப்பில் வரும் 'உடனடிக் கடன்' செய்தி கண்ணில் படும். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் கைப்பேசிச் செய்தி அனுப்பியோ அழைத்தோ விளம்பரம் செய்யக்கூடாது. நேரில் சந்திக்காமல் கடன் தரக்கூடாது. அடையாள அட்டை, கடப்பிதழ், வேலை அனுமதி அட்டை, ஏடிஎம் அட்டை எதையும் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது. எனவே, கைப்பேசியில் தேடி வரும் கடன், சட்டவிரோதக் கடன் அல்லது மோசடி. தங்குவிடுதியில் இருக்கும் நண்பர்களுக்கு இந்த ஒரு செய்தியை மட்டும் கொண்டுசேர்த்தாலே பெரிய உதவி.

முறையிட ஓரிடம்

எல்லாம் கைமீறிப் போனாலும் நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. 2005 முதல் இயங்கிவரும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையம், வங்கி, காப்புறுதி நிறுவனங்களுக்கு எதிரான தனிநபர் புகார்களை விசாரிக்கிறது. முதலில் சமரசப் பேச்சு, அது பலிக்காவிட்டால் தீர்ப்பு. ஒரு புகாருக்கான தீர்ப்பின் உச்சவரம்பு 2024 ஜூலை 1 முதல் 150,000 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றத்தை நாடலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் புகார் அளிக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

வங்கியே நொடித்துப்போனால் என்ன ஆகும் என்று கவலைப்படுவோருக்கு: ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. 2024 ஏப்ரல் வரை அது 75,000 வெள்ளியாக இருந்தது. சிங்கப்பூர் வெள்ளியில் உள்ள வைப்புத்தொகைக்கு மட்டுமே இது பொருந்தும்.

என்ன மாறவேண்டும்?

பொறுப்பை நிறுவனங்களின் பக்கம் நகர்த்தியதில் சிங்கப்பூர் நான்கைந்து ஆண்டுகளில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால், காப்புறுதி விற்பனையில் மொழி கணக்கில் எடுக்கப்படுகிறது. கடன் ஒப்பந்தத்தில் மொழி கணக்கில் எடுக்கப்படுகிறது. கண்சிமிட்டும் நேரத்தில் சேமிப்பு காலியாகக்கூடிய இணைய வங்கிச் சேவையில், எச்சரிக்கை அனுப்பப்பட்டதா என்பது கேட்கப்படும் அளவுக்கு, அது பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருந்ததா என்பது கேட்கப்படுவதில்லை.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், டோக்கன் செயல்படுத்தல், பெருந்தொகை வெளியேற்றம் போன்ற ஒரு சில முக்கிய எச்சரிக்கைகளையாவது வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் மொழியில் அனுப்புவது வங்கிகளின் கடமைகளில் ஒன்றாக வேண்டும். அவை நூற்றுக்கணக்கான செய்திகள் இல்லை, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்கியங்கள். மொழிபெயர்ப்பும் சரியாக இருக்கவேண்டும். அகராதியைப் புரட்டி எழுதிய தமிழ், ஆங்கிலத்தைவிட அதிகமாகக் குழப்பிவிடும். என் அம்மாவுக்கு 'டோக்கன்' என்றால் பலதுறை மருந்தகத்தில் தரும் வரிசை எண்தான்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. அன்றிரவு அம்மாவோடு உட்கார்ந்து, வங்கிச் செயலியில் பண எச்சரிக்கைக்கான வரம்பைக் குறைத்தேன். சேமிப்பில் பெரும்பகுதியை, 2023 இறுதியில் வங்கிகள் அறிமுகப்படுத்திய பணப் பூட்டு வசதிக்குள் வைத்தோம். கணக்கை முடக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவரையே இரண்டு முறை தேடச் சொன்னேன். வங்கியின் அவசர எண்ணையும் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐயும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். வங்கியிலிருந்து எது வந்தாலும், விளம்பரம் போலத் தோன்றினாலும், அன்றே எனக்குக் காட்டவேண்டும் என்று சொன்னேன்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "தமிழ்ல வந்திருந்தா அன்னிக்கே நானே படிச்சிருப்பேனே" என்றார்.